குளிர் காம்பராவில் கேஸ்

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. ஹோட்டன் சமவெளியில் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் 2.3 கிலோ சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார்கள். சமைத்து உறங்கும் வசதியுள்ள வேன்களும் வருகின்றன. தோட்டத்து லயங்களில் மிலாறு எரிந்த அடுப்புக்குப் பக்கத்தில் இப்போது கேஸ் அடுப்பும் இருக்கிறது. கூடாரம், வேன், லயக் காம்பரா ஆகிய மூன்றும் கேஸின் கணக்கில் ஒன்றுதான்: சின்ன இடம், குளிர், இறுகச் சாத்திய கதவு.

நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. அழுத்தத்தால் திரவமாகி அடங்கியிருக்கும் அது, ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூச்சியப் பாகை வேண்டும். அதனால் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேற, சிலிண்டர் தீரும் தறுவாயில் பெரும்பாலும் பியூட்டேனே மிஞ்சுகிறது. ஆவியாகும்போது திரவம் தன் சூட்டையும் இழப்பதால் சிலிண்டர் இன்னும் குளிர்கிறது. தை மாதத்துப் பனிக் காலையில் தேத்தண்ணிக்கு வைத்த தீ சோர்ந்துபோவது இதனால்தான்.

குளிர்நாட்டுக் கரவன் வண்டிக்காரர்கள் இதற்காகவே தனிப் புரொப்பேன் வாங்குகிறார்கள். ஆனால் 20 பாகையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப் போல நான்கு மடங்கு. கலவையில் புரொப்பேன் கூடினால் வால்வும் இணைப்பும் தாங்க வேண்டிய அழுத்தமும் கூடும். 2021 இறுதியில் நாடெங்கும் கேஸ் வெடிப்புகள் நடந்தபோது கலவை விகிதம் பெரும் விவாதமானது இதனால்தான்.

தீ சோர்ந்தால் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைப்பதும் தணலுக்குப் பக்கத்தில் நகர்த்துவதும் உயிரோடு விளையாடுவது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ஹோஸுக்குள் இறங்கும். ஒரு லீற்றர் திரவம் சுமார் 250 லீற்றர் வாயுவாக விரியும். காற்றில் இரண்டு வீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கூரைக்கு ஏறாமல், கொட்டிய தண்ணீர்போல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது. கரவன் கட்டுகிறவர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். சிலிண்டருக்கு வண்டிக்குள் திறக்காத தனிப் பெட்டி. அதன் அடித்தட்டில் வெளியே போகும் துவாரம். நம் காம்பராவில் அந்த வேலையைச் செய்வது கதவடி இடுக்கு. குளிருக்குப் பயந்து அதிலும் சாக்கைத் திணித்துவிடுகிறோம். சமைக்கும் நேரத்திலாவது சாக்கை எடுத்துவிடுங்கள். சுவரின் அடியில் வெளிப்பக்கம் திறக்கும் ஒரு துவாரம் விட்டால் இன்னும் நல்லது.

கசியாத கேஸும் கொல்லும். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர்கூட சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிறது. ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. மூடிய இடத்தில் அதுவும் தீர்ந்துவர, நீலச் சுடர் மஞ்சளாகும், சட்டியடியில் கரி படியும், காபனோரொட்சைட்டு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. கூடாரத்துக்குள் குளிர்காய அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது எந்த நிலையிலும் கூடாது. தணல் சட்டியும் அப்படியே.

புதுச் சிலிண்டர் மாட்டியதும் இணைப்பில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே வேண்டாம். இரவில் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் முதலில் கதவைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, ரெகுலேட்டரை மூடுங்கள். லயத்தில் சுவருக்குச் சுவர் குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்துக் காம்பராவில் எரியும் அடுப்பையும் அணைக்கச் சொல்லுங்கள்.