அண்ணாமலை என்னும் பெயரும் அம்மலையின் இயல்பும்

திருவண்ணாமலையை நேரிற் கண்டறியாதார் அதன் பெயர்ப்பொருளை மட்டும் கேட்பின், எவரும் ஏறற்கரிய பெருஞ்சிகரம் ஒன்றையே உள்ளத்திற் கொள்வர். கடன்மட்டத்தினின்று அதன் உயரமோ 814 மீட்டரே; ஏறக்குறைய 2,670 அடி. சவ்வாது மலையினின்றும் விலகிச் சமநிலத்தே அது தனித்து நிற்கின்றது. அவ்வாறு தனித்து நிற்றலினாலன்றோ அன்பர் 14 கிலோமீட்டர் நடந்து அதனை முழுதும் வலம்வர இயல்கின்றது!

எனின், 'அண்ணா மலை' என்றது எற்றுக்கு? அண்ணுதல் கிட்டுதலாம். 'அண்ணா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கிட்டுதற்கியலாத மலை என்பது பொருள். மூவர் தமிழிற் பயில்வது இப்பெயரே. அருணாசலம், சோணகிரி என்னும் வடமொழிப் பெயர்கள் செம்மையைக் குறித்தன. பாறையோ கருங்கல், சிவப்பன்று. விடியற் கதிர் பட்டு அது செந்நிறங் கொள்ளுதல் உண்மையேயாயினும், பெயர்க்காரணம் அதுவென்று அமைதல் எமக்கு ஒவ்வாது. கிருதயுகத்தில் அழலாய் நின்றது கலியிற் கல்லாயிற்று என்னும் புராண வழக்கே அச்செம்மைக்கு உரிய விளக்கமாம்.

கிட்டாமை உயரம்பற்றி வந்ததன்று. அயனும் மாலும் தத்தம் அறிவையும் ஆற்றலையும் முதலாகக் கொண்டு தேடினர், அதனாற் காணாராயினர். பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அறியப்படாத முதல்வன் பதிஞானமாகிய திருவருளானே அறியப்படுவன் என்னுஞ் சித்தாந்தத் துணிபே இப்பெயரில் அடங்கியுள்ளது. விறகு வெட்டுவாரும் நாடோறும் ஏறிய குன்றினுக்கு இப்பெயர் பொருந்துமாறு இதுவே.

இனி அதன் தட்பவெப்பம். வேனிலில் வெம்மை மிகும். சரிவிற் புல் உலர்ந்து தீப்பற்றுதலும் உண்டு. மழையின் ஒரு பகுதி தென்மேற்குப் பருவத்தில் வரும். வடகிழக்குப் பருவத்திலோ வங்கக் கடற் புயல்களான் ஒரேயடியாகக் கொட்டுதலும் உண்டு. கார்த்திகைத் தீபமும் அப்பருவத்ததே.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையாற் சரிவொன்றின் மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வீட்டின்மேல் வீழ, சிறாருள்ளிட்ட எழுவர் உயிர் துறந்தனர். 'அசலம்' அசையலாமோ என்று அன்பர் சிலர் கலங்கினர். அசைந்தது மலையின்மேற் போர்வையாகவுள்ள மண். நீர் ஊறிப் பாரமுற்று, பாறையோடு பிடிப்பிழந்து வழுக்கியது. மரமும் வேரும் அம்மண்ணைப் பிணித்து நிற்பன. அவை குறைந்த சரிவு எளிதில் இளகும். மலையைச் சிவமெனத் தொழுவார் அதன் மண்ணைக் காத்தலைப் புறத்தொழிலென விடலாகாது. அது சரியையின்பாற்படும் என்பதே எம் கருத்து.

அவ்வாண்டு டிசம்பர் 13இல் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பெற்றது. சரிவு நெகிழ்ந்திருந்தமையின் அன்பர் மலையேற விடப்பட்டிலர். கொப்பரையும் நெய்யுங் கொண்டு செல்வாரே உச்சி சேர்ந்தனர். ஏனையோர் கீழே நின்று தொழுதனர்.