முன்னணியில் இருவர்

கணினியில் உதைபந்தாட்டக் கழகமொன்றை நடத்தும் விளையாட்டு இன்று இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளது. 1992இல் இங்கிலாந்தில் வெளியான 'சம்பியன்ஷிப் மனேஜர்' இவ்வகையிற் பெயர்பெற்றது. பந்தை உதைப்பது இங்கே ஆடுபவரின் வேலையன்று. வீரரைத் தெரிவுசெய்து ஒவ்வொருவருக்கும் கடமை வகுப்பதே அவர் வேலை.

முன்னணிக்கு இருவரைத் தெரியும்போதுதான் பலர் இடறுகின்றனர். கோலடிப்பதில் மிகுந்த புள்ளி பெற்ற இருவரை அருகருகே நிறுத்திவிடுகின்றனர். இருவரும் ஒரே இடைவெளியை நாடி ஓடுவர். நடுக்களத்தில் பந்தை ஏற்று முன்னே தருவார் எவருமிலர். எதிரணிக் காவலருக்கு இதனினும் எளிய வேலை வேறில்லை.

விளையாட்டு மெய்யான களத்தையே பின்பற்றுவதாதலால், களத்து நிகழ்ச்சியொன்று இங்கே துணைசெய்யும். 1953 நவம்பர் 25ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என வென்றது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரரான ஹிடெக்குட்டி முன்னே நில்லாது பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றாற் புஸ்காசும் கொச்சிசும் புக வழி திறக்கும். தொடராவிடின் அவரே தடையின்றி ஆடுவார். இங்கிலாந்தின் காவலர் ஹரி ஜோன்ஸ்டன் செய்வதறியாது தவித்தார். ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல்கள் அடித்தார்.

கணினியிலும் ஒருவரைப் பின்வாங்கவும் மற்றவரை ஊடுருவவும் பணித்தால் இதே இக்கட்டு எதிரணிக்கு நேரும். ஆனாற் பின்வாங்குபவருக்குப் பந்து வழங்கும் திறன் வேண்டும். ஓட்டவேகம் ஒன்றே உடையவரை அங்கு இடுவது வீண்.