நெருக்கல் நூலகமும் அதனை நிறுவும் முறைகளும்

தரவை நெருக்க வேண்டிய செய்நிரல் ஒன்றை எழுதுபவர் அதற்கான கட்டளைகளைப் புதிதாக எழுதத் தேவையில்லை. முன்னரே எழுதிச் சோதிக்கப்பட்ட நூலகம் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். இவற்றுள் மிகப் பரவலானது ஸெட்லிப் ஆகும். ஜோன்-லூ கையி, மார்க் அட்லர் ஆகியோர் இதனை 1995 இல் வெளியிட்டனர். நூலகம் தனித்து இயங்கும் செய்நிரல் அன்று. எனவே நிறுவிய பின்னர் திரையில் புதிய சின்னம் எதுவும் தோன்றாது.

இது இழப்பற்ற நெருக்கலாகும். "கடகடகடகடகட" என்பதில் பத்து எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டையும் எழுதி, "2 எழுத்து பின்சென்று 8 எழுத்தைப் பிரதிசெய்க" எனக் குறித்தால் போதுமானது. அடுத்து, அடிக்கடி வரும் குறியீடுகளுக்குக் குறைந்த பிற்றுகள் வழங்கப்படும். இது ஹஃப்மன் குறிமுறை எனப்படும். மீள விரிக்கும்போது ஒரு பிற்றேனும் மாறாது. பிஎன்ஜி படங்களில் இம்முறையே பயன்படுகிறது. வழமையான ஜேபெக் நெருக்கலில் தரவு இழப்பு உண்டு. விடையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிட வேண்டாம்.

ஸெட்லிப்பின் சீ மொழி மூலக் குறிமுறை ஒன்றே. நிறுவும் விதமோ பணிசெயல் முறைமைக்கேற்ப வேறுபடும். உபுந்து லினக்ஸில் இரு பொதிகள் உள்ளன. செய்நிரல்கள் இயங்கத் தேவையான பொதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். 'டெவ்' எனப் பெயர் முடியும் மற்றைய பொதியில் தலைப்புக் கோப்புகள் உள்ளன. தொகுக்கும்போது தலைப்புக் கோப்பைக் காணவில்லை என வழுச்செய்தி வந்தால், இப்பொதியை நிறுவுதல் வேண்டும். மூலக் குறிமுறையிலிருந்தும் நிறுவலாம்: கட்டமைத்து, தொகுத்து, இறுதியில் முறைமைக் கோப்புறைகளில் பிரதிசெய்ய வேண்டும். இந்த இறுதிப் படிக்கு நிருவாகியின் அனுமதி தேவை.

மக் முறைமையுடன் ஸெட்லிப் சேர்ந்தே வருகிறது. விண்டோஸில் பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய டிஎல்எல் கோப்பைத் தன் கோப்புறையிலேயே வைத்திருக்கும். 64 பிற்றுச் செய்நிரலுக்கு 32 பிற்று டிஎல்எல் பொருந்தாது.

இவ்வேறுபாட்டின் விளைவு 2002 மார்ச்சில் தெரிந்தது. விடுவித்த நினைவகப் பகுதியை மீண்டும் விடுவிக்கும் வழு ஒன்று ஸெட்லிப்பில் கண்டறியப்பட்டு, 1.1.4 பதிப்பில் திருத்தப்பட்டது. பொதுவான நூலகக் கோப்பைப் பகிர்ந்த செய்நிரல்களுக்கு அந்த ஒரு கோப்பை மாற்றி, அவற்றை மீள ஆரம்பித்தாலே போதுமாயிற்று. நூலகத்தைத் தம்முள்ளேயே இணைத்துத் தொகுத்த செய்நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடி, மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது.