நீல ஒட்டியை உரித்த பிறகு

காதுக்குப் பின்னால் மாட்டும் காதொலிக் கருவியின் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான். அதிகத் திறன் வேண்டிய கருவிகளுக்கு 675 என்ற எண் கொண்டது. மேலே நீல நிற ஒட்டி இருக்கும். உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போக, அதிலுள்ள ஆக்சிஜன் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சுமார் 1.4 வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றாட வைத்து மாட்டுவது நல்லது. மறுபடி ஒட்டி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் இந்தச் சின்ன வேதியியல் பெரிய விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 17ஆம் பிரிவு, வரையறுத்த அளவுக்கு மேல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் முகாம் போட்டுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. கருவி கைக்கு வந்துவிடும். அடுத்த பேட்டரிக்கு? அரூரில் இருப்பவருக்கு அது கடைக்குப் போகும் வேலை. சித்தேரி மலையில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலி. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் தருமபுரிதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு வீட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காதில் செருகும் அச்சு இன்னொரு தலைவலி. பிள்ளை வளரக் காதும் வளர்கிறது, அச்சு தளர்ந்துபோகிறது. இடுக்கு வழியே கசியும் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து கருவி ‘கீ’ என்று விசிலடிக்கும். பக்கத்துப் பையன் சிரிப்பான். மறுநாள் கருவி பைக்குள் போய்விடும். ‘பிள்ளை மாட்ட மாட்டேங்குது’ என்ற புகாரைக் கேட்டால் முதலில் அச்சைத்தான் பார்க்க வேண்டும்.

அச்சு சரியாக இருந்தாலும் கடைசி பெஞ்சு கடைசி பெஞ்சுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஆசிரியரின் குரல் ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்றால் நான்கு மீட்டரில் 48. சுவர்களில் எதிரொலிக்கும் வகுப்பறையில் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் இரைச்சல் கூடவே வரும். காதொலிக் கருவி குரலோடு பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் பெருக்கிவிடுகிறது. ஆசிரியர் சட்டையிலோ சேலையிலோ குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் இருந்தால் குரல் நேரே கருவிக்குப் போகும். அது இல்லாத இடத்தில் முதல் பெஞ்சும், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாத ஆசிரியரும் பாதி வேலையைச் செய்துவிடும்.

பார்வையற்ற மாணவருக்கு நிலைமை வேறு. அங்கே கருவி ஏறக்குறைய இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கர்ரன் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளுக்குக் காசு கிடையாது, தமிழையும் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இப்படி ஒன்று கூடவே வருகிறது. சிக்கல் எழுத்துருவில் ஒளிந்திருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘தமிழ்’ நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ அது ஆங்கில விசைகளின் வரிசை. ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தமிழக அரசு யூனிகோடை 2010இலேயே ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதைச் சரிசெய்ய நிதி ஒதுக்கீடே வேண்டாம். தட்டச்சு செய்பவர் பழக்கத்தை மாற்றினால் போதும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்காகச் சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கியது ‘ஆவாஸ்’. படத்தைத் தொட்டால் கருவி பேசும். மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு நெடுங்காலம் பணியாற்றிவரும் வித்யா சாகர் அமைப்பும் இதில் துணைநின்றது. பின்னாளில் ஆவாஸ் செயலியாக மாறி, இப்போது தமிழிலும் கிடைக்கிறது. டேப்லெட் இல்லாத வீட்டில் இதே யோசனையை அட்டையில் ஒட்டிய படங்களாகச் செய்துகொள்ளலாம். வீட்டுவழிக் கல்வி தரும் சிறப்புப் பயிற்றுநர் அதை அந்த வீட்டுக்கென்றே தயாரித்தால்தான் பிள்ளை கை நீட்டும்: ரொட்டிப் படத்துக்குப் பதில் கேழ்வரகுக் களி, நீச்சல் குளத்துக்குப் பதில் ஆட்டுக்குட்டி. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்களும் உண்டு. அங்கே படத்தின் கீழ் எந்த மொழியில் எழுதுவது என்பதை அம்மாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.