சிறு கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற முதுகெலும்பற்ற பிராணிகள்

கடல்வாழ் பிராணிகளைக் கண்ணாடி வழியே கண்டு களிப்பது சென்னைக்குப் புதிதன்று. எட்கர் தர்ஸ்டன் என்பவரது யோசனையின் பேரில் 1909-ம் வருஷத்திலேயே மெரீனாக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இன்று தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய ஊர்களில் வீட்டுக் கூடத்திலேயே நூறு லிட்டர் கொள்ளும் தொட்டியில் கடல் ஜலம் நிரப்பி, இறால், நண்டு, நட்சத்திர மீன் முதலிய விசித்திரப் பிராணிகளை வளர்க்க விரும்புவோர் உளர். இவர்களிற் பலர் நிறத்தைப் பார்த்து வாங்கிச் சில வாரங்களில் இழந்துவிடுகின்றனர். மாடு வாங்குகிறவன் கொம்பின் அழகைப் பார்க்குமுன் தீவனத்துக்கு வழியுண்டா என்று யோசிக்கிறான். அந்த யோசனையே இங்கும் வேண்டும்.

ஜலம்.— கடல் ஜலத்தில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. கறியுப்பைக் கிணற்று ஜலத்தில் கரைத்தால் கடல் ஜலமாகும் என்று எண்ணுவது தவறு. உப்பளத்தில் கறியுப்புப் படிந்த பின், மக்னீஷியம் முதலிய சத்துக்களிற் பெரும்பகுதி கழிநீரோடு போய்விடும். ஓடு வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்தும் மக்னீஷியமும் இன்றியமையாதவை. ஆகையால் சுத்தமான கடல் ஜலத்தையோ, அதற்கெனத் தயாரித்து விற்கப்படும் உப்புக் கலவையையோ உபயோகிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறுகளும் முகத்துவாரங்களும் மழைவெள்ளத்தைக் கடலில் கொட்டுவதால் கரையோர ஜலம் நீர்த்துப்போகும். அப்பொழுது ஜலம் எடுத்தல் கூடாது. தொட்டியில் ஜலம் ஆவியாகக் குறையுமேயன்றி உப்புக் குறையாது. குறைந்த அளவை நல்ல ஜலத்தைக் கொண்டே நிரப்புக. முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடித்த சுத்தமான மழைஜலம் இதற்கு உகந்தது.

புதுத் தொட்டியில் உடனே பிராணிகளை விடலாகாது. வயலில் இட்ட எருவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பக்குவப்படுத்துவது போலவே, கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா விஷத்தைத் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு கெடுதலற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி செண்டிகிரேடுக்குள் இருத்தல் நலம். சித்திரை, வைகாசியில் தாம்பரத்து வீடுகளில் இது எளிதன்று. ஜலத்தின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தால், மண்பானை ஜலம் குளிர்வது போலத் தொட்டியும் ஓரளவு குளிரும்.

விஷங்கள்.— வெற்றிலைக் கொடிக்காலில் பூசணநோய்க்குத் தெளிக்கும் மயில்துத்தத்தை விவசாயிகள் அறிவர். மீன் நோய்க்கு விற்கப்படும் சில மருந்துகளிலும் அதுவே உண்டு. மீன் தாங்கும் அளவிலேயே இறாலும் நத்தையும் மடிந்துபோகும். செப்புக்குடத்தில் வைத்த ஜலத்தையும் ஊற்றலாகாது. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவான இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் பூச்சிமருந்து தெளித்த கையைத் தொட்டியில் இடுவதும், அருகே கொசுமருந்து அடிப்பதும் அவற்றுக்கு யமனாகும்.

ஏற்ற பிராணிகள்.— (1) துப்புரவு இறால்: மீன்களின் உடலிலும் வாயிலும் ஒட்டியுள்ள புல்லுருவிகளைப் பொறுக்கித் தின்னும். தீனித் துணுக்கையும் ஏற்கும். வளருங்கால் மேலோட்டை முழுமையாகக் கழற்றிவிடும். அதைக் கண்டு இறால் இறந்ததென்று கலங்க வேண்டாம்.

(2) வெடி இறால்: பெரிய கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும். இதில் சில ஜாதிகள் உளுவை இனத்துச் சிறு மீனோடு ஒரே வளையில் வாழும். கண்பார்வை மங்கிய இறால் மணலைத் தோண்டும். மீன் வாயிலில் காவல் காக்கும். இறாலின் மீசை மீனின் மேல் பட்டுக்கொண்டேயிருக்கும். மீன் வாலை அசைத்தவுடன் இரண்டும் உள்ளே மறையும். சிறு தொட்டியில் இதைக் காட்டிலும் காணத்தக்க காட்சி அரிது.

(3) சங்கு நண்டு: மிச்சத் தீனியையும் பாசியையும் தின்னும். வளர வளரப் பெரிய ஓடு தேவைப்படுமாதலால் காலி நத்தை ஓடுகள் சிலவற்றைப் போட்டுவைக்க வேண்டும். இல்லையேல் உயிருள்ள நத்தையைக் கொன்று ஓட்டைப் பறித்துக்கொள்ளும்.

(4) நொறுங்கு நட்சத்திரம்: கல்லடியில் மறைந்து இராக்காலத்தில் வெளிவந்து கழிவைத் தின்னும். முறிந்த கை மீண்டும் வளரும். பச்சை நிறமுள்ள பெரிய ஜாதி ஒன்று சிறு மீன்களைப் பிடிக்குமாதலால் அதை விலக்குக.

புதுப் பிராணியைத் தொட்டியில் கொட்டிவிடலாகாது. அது வந்த ஜலத்தில் தொட்டி ஜலத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது கலந்து பழக்க வேண்டும்.

விலக்க வேண்டியவை.— வர்ணமிகுந்த ஓடற்ற கடல்நத்தைகளிற் பல ஒரேவகைக் கடற்பஞ்சையோ வேறொரு தனி ஆகாரத்தையோ மட்டுமே தின்பவை. அது கிடையாமல் பட்டினியால் மடியும். இறகு நட்சத்திரமும் நீல நட்சத்திர மீனும் பெரும்பாலும் அவ்விதமே. பேய்க்கணவாய் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மற்ற இறால் நண்டுகளையும் தின்றுவிடும். கடற்சாமந்தி இடம் பெயர்ந்து திரிந்து அயலிலுள்ளவற்றைக் கொட்டும். அது இறந்தால் தொட்டி முழுவதும் கெடும். கூம்புச் சங்கின் விஷம் மனிதனுக்கே ஆபத்தானது.

சட்டம்.— கிராம நிர்வாக அலுவலர்கள் இதைக் கவனித்தல் வேண்டும். கல் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 2001-ம் வருஷத்தில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. ராட்சத மட்டிகளிற் சில ஜாதிகளும் அவ்வாறே பாதுகாக்கப்பட்டுள்ளன. முதல் அட்டவணைப் பிராணிகளைப் பற்றிய குற்றத்திற்கு மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அவ்வட்டவணையில் உள்ள பவளத்தின் உலர்ந்த துண்டும் இதற்கு விலக்கன்று. இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. எஞ்சியவை 1986-ம் வருஷத்தில் அமைந்த கடல் தேசியப் பூங்காவில் அடங்கியவை. தொட்டிக்குச் சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறையே போதுமானது. பவளம் விற்பனைக்கு வருவது தெரிந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

புயற்காலம்.— 2016-ம் வருஷம் டிசம்பரில் வீசிய வர்தா புயலின்போது பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலால் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளமும் சூழ்ந்தது. ஜலம் அசையாது நின்றால் பிராணவாயு குறைந்து சில மணி நேரத்திலேயே நஷ்டம் நேரக்கூடும். பாட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருத்தல் அவசியம். அது இல்லாதவர் குவளையால் ஜலத்தை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். அச்சமயம் தீனி இடலாகாது.

சுருங்கக் கூறின், விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இதன் ஆகாரம் யாது? எவ்வளவு பெரிதாகும்? எங்கிருந்து வந்தது? மூன்றுக்கும் தெளிவான விடை கிடையாவிடில், எத்துணை அழகியதாயினும் வாங்காது திரும்புதலே உத்தமம்.