நாளையும் ஆடப்படும் விளையாட்டு எது?

ஹைதராபாத்தில் முசி ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், ஒவ்வொரு மணி நேரமும் நிறைவடையும் தறுவாயில் ஒரு கூட்டம் கூடுகிறது. பெரிய கடிகாரம் ஒன்றின் உள்ளிருந்து தாடி வைத்த சிறு பொம்மை மனிதன் வெளியே வந்து, மணியை அடித்துவிட்டுத் திரும்பிச் செல்கிறான். நூறாண்டுகளைக் கடந்த பொறி அது. கையில் செல்பேசி வைத்திருக்கும் சிறுவர்களும் அதனைக் காண இமைக்காமல் நிற்கிறார்கள்.

அதே நகரின் மேற்கே, ஹைடெக் சிட்டியைச் சுற்றியுள்ள பகுதிகளில், இக்காலத்து விளையாட்டுப் பொறிகள் உருவாகின்றன. வீடியோ கேம்களைத் தயாரிக்கும் பன்னாட்டு நிறுவனங்களும் சிறு குழுக்களும் இங்கே இயங்குகின்றன. இந்திய கேம் உருவாக்குநர்களின் ஆண்டு மாநாடும் பல முறை இந்நகரில் நடைபெற்றுள்ளது. அந்தக் கடிகாரத்தையும் இந்தப் புதிய தொழிலையும் சேர்த்து எண்ணும்போது ஒரு கேள்வி எழுகிறது. இன்று நம் பிள்ளைகள் ஆடும் கேம்களில் எவை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஆடப்படும்?

மிகுதியானோர் ஆடும் கேமே நிலைத்து நிற்கும் என்று நாம் எண்ணக்கூடும். அண்மைக்கால அனுபவம் அதற்கு மாறாக உள்ளது. நம் நாட்டில் பப்ஜி மொபைல் அளவுக்கு இளைஞர்களை ஈர்த்த கேம்கள் மிகச் சிலவே. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தபோது அதுவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு அதன் இந்தியப் பதிப்பு வேறு பெயரில் வெளிவந்தது. 2022 ஜூலையில் அப்பதிப்பும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. கோடிக்கணக்கானோர் ஆடும் ஒரு கேம், ஆடுவோர் எவரையும் கேளாமலேயே நின்றுவிடலாம் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். 2014-இல் வெளியான ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. பணம் கொடுத்து அதனை வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட இயலவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை.

அவ்வாறாயின் நிலைத்து நிற்பவை எவை? அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம், உலகப் புகழ்பெற்ற கேம்களுக்கென 2015-இல் ஒரு கௌரவப் பட்டியலைத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே அதில் இடம்பெற்ற ஆறு கேம்களுள் ஒன்று டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் உருவாக்கிய அந்த கேமை, நண்பர்கள் பிளாப்பியில் படியெடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் பரப்பினர். அதன் விதியை ஒரு நிமிடத்தில் கற்கலாம். தொடங்குவதற்கு எந்த நிறுவனத்தின் சர்வரும் தேவையில்லை.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும் இவ்வாறு பரவியவையே. பல்லாங்குழிப் பலகை இல்லையெனில் மண்ணில் குழி தோண்டினால் போதும். பழைய பச்சீசி 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. 2016-இல் அதுவே மும்பை நிறுவனமொன்றின் வழியாக நம் செல்பேசிக்குள் லூடோ கிங்காக வந்தது. பலகை மாறினாலும் விதி நம் கையிலேயே இருந்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய கேம்களைப் பார்ப்போம். முதலில் மைன்கிராப்ட். 2011-இல் முழுமையாக வெளியான இது 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளது. எனினும் நாம் அதனைத் தேர்ந்தெடுப்பது விற்பனைக்காக அன்று. கட்டைகளை அடுக்கிக் கட்டும் அதன் விதி, மணல்வீடு கட்டும் குழந்தைக்கும் விளங்கும். தனியாக ஆடுவோருக்குச் சர்வரும் வேண்டியதில்லை.

இரண்டாவது, ஹைதராபாத்திலேயே பிறந்த ‘அசுரா’. ஓகர் ஹெட் ஸ்டுடியோ என்னும் சிறு குழு 2017-இல் வெளியிட்ட இந்த கேம், நம் புராணச் சூழலில் பழிவாங்கப் புறப்படும் ஓர் அசுரனின் கதை. ஒவ்வொரு முறை ஆடும்போதும் களம் புதிதாக அமையும். உலகப் பட்டியல்களில் இதன் பெயர் இடம்பெறாமல் போகலாம். ஆயினும் இந்திய கேம்களின் வரலாற்றை எழுதுவோர் இதனைத் தவிர்த்துவிட இயலாது.

மூன்றாவது, 2023-இல் கனடாவின் டொரொன்டோவிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’. 1980-களில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துபோக, விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதினை, சிறந்த அறிமுக கேம் என்ற பிரிவில் இது வென்றது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த கேமை, கேமே ஆடியறியாத ஒரு தாயும் தன் பிள்ளையுடன் அமர்ந்து ஆடலாம்.

பப்ஜி மறக்கப்பட்டுவிடும் என்று நாம் கூறவில்லை. ஊரடங்குக் காலத்தில் நண்பர்களின் குரலைக் கேட்டபடி ஆடிய இரவுகளை அந்தத் தலைமுறை மறக்காது. ஆனால் அந்த ஆட்டத்தை நாளை தன் மகளுக்கு ஆடிக் காட்ட இயலுமா என்பது நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது.

இது நம் பணத்தோடும் தொடர்புடைய செய்தி. இணையக் கடையில் ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்தும்போது, பெரும்பாலும் நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. இதனை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. ஆகவே பணம் செலுத்துமுன் இணையமின்றி ஆட இயலுமா, பிரதியைச் சேமித்துவைக்க இயலுமா என்று பார்த்துக்கொள்வது நலம். கேமுக்குள் விற்கப்படும் உடைகளும் ஆயுதங்களும் சர்வரோடு மறைந்துவிடும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். செல்பேசியில் ஒவ்வொரு கட்டணத்திற்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டு, மாதக் கணக்கு அறிக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

1990-களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய ‘டிவி கேம்’ கேசட்டுகள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். அவற்றை எறிந்துவிட வேண்டாம். கருவி பழுதின்றி இருந்தால், எவருடைய அனுமதியும் இன்றி இன்று மாலையே அவை மீண்டும் இயங்கும்.