ஸ்லோவில் நிற்காத வண்டி

பூண்டி மலைக்கிராமத்துக் குளிரில் ஒரு பழைய ஆம்னி வேனைக் காலையில் ஸ்டார்ட் செய்கிறீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி உதறுகிறது. "ஸ்லோ நிக்கல, மிஸ்ஸிங் அடிக்குது" என்பார் மெக்கானிக். கூட நிற்பவர்கள் மலைக் காற்றின் மேல் பழி போடுவார்கள். அது பாதிதான் சரி.

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளியில் ட்யூன் செய்த கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளக் முனையில் கரி படியும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அது உதறினால் மலையை விட்டுவிட்டு வண்டிக்குள் தேடுங்கள்.

ஆம்னிக்கு மூன்றே சிலிண்டர். ஒன்று வேலை செய்யாவிட்டால் வேனே ஆடும்; அதுதான் மிஸ்ஸிங். எது என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். கழற்றியும் சத்தம் மாறவில்லையா? அந்தச் சிலிண்டர்தான். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறும் கூடவே போனால் பிளக் மாற்றினால் போதும். பனிமூட்டத்தில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் பிளக் ஒயரைச் சந்தேகியுங்கள். வெடித்த உறையில் ஈரம் இறங்கினால் மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்தால் சில சமயம் அந்தப் பொறி கண்ணுக்கே தெரியும். கை மட்டும் வைக்காதீர்கள்.

ஸ்லோவில் உதறி, கொஞ்சம் ரேஸ் செய்தால் சரியாகிவிடுகிறதா? பெரும்பாலும் வேக்கம் லீக். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் வழியே கணக்கில் வராமல் நுழைவது அதில் பெரும் பங்காகிவிடும். ரேஸ் செய்யும்போது அதே கசிவு பொருட்டே இல்லை. த்ராட்டில் பாடியில் கரி அடைத்திருந்தாலும் ஸ்லோ தடுமாறும். அதைக் கிளீனர் ஊற்றித் துடைத்தால் தீரும். இன்ஜின் சத்தம் சீராக இருந்தும் சீட் மட்டும் அதிர்ந்தால், மவுண்டிங் ரப்பர் போயிருக்கும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம் பார்க்காமல் சென்சார் வாங்க ஓடுவது வீண் செலவு. ஆனால் மிஸ்ஸிங்கோடு மலையேறாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கமுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அதன் விலைக்குப் பல செட் பிளக் வாங்கலாம்.